ஒரு நாள் குறைந்த இஞ்சின்

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று உங்கள் மேனேஜர் என்னைக் கேட்டுக்கொண்டார். சரியென்று தலையாட்டிவிட்டேன். வீட்டுக்குப் போய் யோசித்துப் பார்த்தால், நல்ல வார்த்தைகளெல்லாம் ஏற்கெனவே உங்கள் பட்டறைச் சுவரில் போர்டு எழுதித் தொங்குகின்றன. நீங்களும் அவற்றின் மேல் சட்டையைக் கழற்றி மாட்டுகிறீர்கள். அதனால் நான் ஒருமுறை சொன்ன பொய்யைப் பற்றிச் சொல்லலாம் என்று வந்திருக்கிறேன். ஒரே வார்த்தைப் பொய்தான்.

உள்ளே வரும்போது பின்கட்டை எட்டிப் பார்த்தேன். பிரித்துக் கட்டிய இஞ்சின் ஒன்றை மின்சார மோட்டார் பெல்ட் போட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தம்பி ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பயப்பட வேண்டாம், ஆளைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். நானும் அந்த வேலையில் தூங்கியிருக்கிறேன். நான் தூங்கியது மாட்டு வண்டியின் நிழலில், அவ்வளவுதான் வித்தியாசம்.

சிரிக்காதீர்கள். முதல் ஜெர்மன் சண்டைக்கு முந்தின அந்த வருஷங்களில் எங்கள் கராஜில் மின்சார மோட்டார் கிடையாது. பிரித்துக் கட்டிய இஞ்சின் எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பிஸ்டனும் சிலிண்டரும் புதுச் சம்பந்திகளைப் போல முறைத்துக்கொண்டு நிற்கும். கைப்பிடியைப் போட்டுச் சுற்றினால் இரண்டு ஆள் தொங்கினாலும் அசையாது. அசைந்தாலும், அந்த நிலையில் பெட்ரோலைக் கொடுத்து ஓட விட்டால் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். பேரிங்குகளில் ஊற்றியிருக்கும் வெள்ளை உலோகம் உருகிப் போகும். மூன்று வாரம் உட்கார்ந்து சுரண்டிச் சுரண்டிப் பொருத்தியது மூன்று நிமிஷத்தில் பாழ்.

ஆகவே எங்கள் மேஸ்திரி ஒரு வழி வைத்திருந்தார். தீப்பொறி போடும் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, காரை முதல் கியரில் போட்டு, முன்னால் ஒரு ஜோடி மாட்டைக் கட்டி இழுக்க விடுவார். சிராங்கூன் ரோட்டில் அப்போது மாட்டுக்கா பஞ்சம்? குதிரைப் பந்தயத் திடலைச் சுற்றிப் போகும் பாதையில் மாடு நடக்கும், கார் பின்னால் வரும், உள்ளே இஞ்சின் மெதுவாகச் சுற்றித் தன்னைத்தானே பழக்கிக்கொள்ளும். காரைக் கண்டு மிரண்ட குதிரைகள்கூட, மாடு இழுக்கும் காரைக் கண்டு திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். இரண்டு முழு நாள் இப்படி இழுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பிளக்கைப் பூட்டி, சொந்தக் காலில் ஓட விடுவோம். அதோடு ஸ்டியரிங்கில் ஒரு சீட்டும் தொங்கும். முன்னூறு மைல் வரை பதினைந்து மைல் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்று சிவப்பு மசியில் எழுதியிருக்கும். இன்றைக்கும் நீங்கள் தொங்கவிடும் சீட்டுக்கு அதுதான் பாட்டன்.

அந்த வருஷம் ஒரு டாக்டரின் கார் எங்களிடம் பிரித்துக் கட்டுவதற்கு வந்தது. டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். புக்கிட் தீமா, புக்கிட் பாஞ்சாங் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்ப்பவர். மூன்று வாரமாகக் கார் இல்லாமல் வாடகைக் குதிரை வண்டியில் இடுப்பு நோக அலைந்துகொண்டிருந்தார். அவருடைய டிரைவர் நாகூர்க்காரர். எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவோம். அவர்கள் பக்கத்தில் அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அதே டாக்டரிடம் குதிரை வண்டி ஓட்டியவர், குதிரை போய்க் கார் வந்ததும் காருக்கு மாறிக்கொண்டார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்வார். ஒருதரம் கேட்டால் மறக்க மாட்டார்.

மேஸ்திரி பொங்கலுக்கு மலாக்காவில் இருந்த தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது, இந்தக் காரை நீயே முடித்து அனுப்பு என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. ஒரு காரை முழுக்க என் பொறுப்பில் விட்டது அதுதான் முதல் தடவை. தலை கொஞ்சம் வீங்கித்தான் இருந்தது.

போகியன்று மாடு கட்டி முதல் நாள் இழுத்தாகிவிட்டது. மறுநாள் பொங்கல், கராஜுக்கு விடுமுறை. அதற்கு அடுத்த நாள் காலையில் இரண்டாவது நாள் இழுத்து, சாயங்காலம் காரை ஒப்படைப்பது என்று டாக்டருக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். காலையில் மாட்டுக்காரர் வீட்டுக்குப் போய் நின்றால், மாடுகள் கொம்புக்கு வர்ணம் அடித்து, கழுத்தில் மாலை போட்டு, நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாகக் கல்யாண மாப்பிள்ளை போல நின்றன. அப்போதுதான் எனக்கு உறைத்தது. தமிழனாகப் பிறந்தவன் மாட்டுப் பொங்கலை மறந்துவிட்டு, மாட்டை வேலைக்குக் கூப்பிட வந்து நிற்கிறேன். கராஜ் காலண்டரில் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்துத் தேதி குறித்ததன் பலன்.

கெஞ்சிப் பார்த்தேன். அரை நாள் போதும் என்றேன். மாட்டுக்காரர் கோபிக்கவில்லை. எனக்கு ஒரு கிண்ணத்தில் பொங்கல் கொடுத்து உட்காரச் சொன்னார்.

"உன் இஞ்சின் நாளைக்கும் அங்கதான் நிக்கும். என் மாட்டுக்கு இன்னைய விட்டா அடுத்த வருஷம்தான்" என்றார்.

மறுப்புச் சொல்ல முடியாத நியாயம் அது. நியாயமாக நான் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான். டாக்டர் வீட்டுக்குப் போய், ஐயா, என் தப்பு, இன்னும் ஒரு நாள் பொறுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் செய்ய என் வீங்கின தலை விடவில்லை. பதினைந்து மைல் வேகத்தில்தானே ஓடப் போகிறது, குறைந்த ஒரு நாளை முன்னூறு மைலில் அதுவே சரிசெய்துகொள்ளும் என்று எனக்கு நானே வக்கீல் வைத்து வாதாடிக்கொண்டேன். பிளக்குகளைப் பூட்டினேன். நானும் இன்னொரு ஃபிட்டரும் கைப்பிடியில் தொங்கி, மூச்சு வாங்க, எப்படியோ இஞ்சினைக் கிளப்பிவிட்டோம்.

சாயங்காலம் நானா வந்தார். காரை ஒருமுறை சுற்றி வந்து பார்த்தார். சீட்டைப் படித்துச் சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"தம்பி, மாடு ரெண்டு நாளும் இழுத்துச்சா?"

"இழுத்துச்சு" என்றேன்.

அவ்வளவுதான். அவர் சலாம் சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று ராத்திரி நான் நன்றாகத்தான் தூங்கினேன், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பொய் சொன்னவனுக்குத் தூக்கம் வராது என்பதெல்லாம் சும்மா.

மறுநாள் காணும் பொங்கல். காலை பத்து மணியிருக்கும். அதே கார் கராஜ் வாசலில் வந்து நின்றது. பின்னால் டாக்டர் மருந்துப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். நானா இறங்கி வந்து, போல்ட் கழற்றும் சாவிகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு வண்டியில் ஏறச் சொன்னார். ஏறின பிறகுதான் விஷயம் தெரிந்தது. புக்கிட் பாஞ்சாங்கைத் தாண்டி ஒரு ரப்பர் எஸ்டேட். அங்கே ரப்பர் பாலை உறையவைத்துத் தகடாக அழுத்தும் உருளை மெஷினில் ஒரு பெண்ணின் கை அகப்பட்டுக்கொண்டது. மெஷினை நிறுத்திவிட்டார்கள், ஆனால் உருளைகளைப் பிரிக்கத் தெரிந்த ஆள் பொங்கலுக்கு ஊருக்குள் போய்விட்டான். கை இன்னும் உள்ளேயே இருக்கிறது. டாக்டர் போனாலும் ஃபிட்டர் இல்லாமல் ஒன்றும் ஆகாது என்று டெலிபோனில் சொல்லியிருக்கிறார்கள். கராஜில் அன்றைக்கு வேறு கார் எதுவும் ஓடும் நிலையில் இல்லை. ரயில் காலையிலேயே போய்விட்டது.

நான் நானா பக்கத்தில் முன்சீட்டில், மடியில் சாவிப் பையோடு உட்கார்ந்தேன். எஸ்டேட்டுக்குப் பத்து மைலுக்கு மேல் போக வேண்டும். புக்கிட் தீமா ரோட்டில் கால்வாய் ஓரமாகக் கார் போய்க்கொண்டிருந்தது. வேகம் காட்டும் முள் பதினைந்தை விட்டு நகரவில்லை. டாக்டர் இரண்டு தடவை வேகமாகப் போகச் சொன்னார். மூன்றாவது தடவை கைத்தடியால் கதவில் தட்டினார். அந்தப் பெண்ணுக்கு இருபது வயதுகூட இருக்காதாம், எவ்வளவு நேரம் தாங்குவாள் என்று கேட்டார். நானாவின் கை ஸ்டியரிங்கில் இறுகியது தெரிந்தது. ஸ்டியரிங்கிலிருந்து நான் எழுதின சீட்டு ஆடிக்கொண்டிருந்தது.

நானா ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் என்னிடம் கேட்டார்.

"நீங்க கட்டுன இஞ்சின் தம்பி. ரெண்டு நாளு மாடு இழுத்த இஞ்சின் இருவத்தஞ்சு தாங்குமா? தாங்கும்னா சொல்லுங்க, விட்டுர்றேன்."

உங்கள் வேலையில் எத்தனையோ நெருக்கடி வரும். கை நசுங்கும், தீப்பிடிக்கும், முதலாளி கத்துவார். எனக்கு வந்ததில் பெரிய நெருக்கடி இந்தக் கேள்விதான். இரண்டு நாள் இழுத்த இஞ்சினாக இருந்தால் தாங்கும் என்று தைரியமாகச் சொல்லியிருக்கலாம். கொஞ்ச தூரம்தானே. தாங்காது என்று மட்டும் சொல்லிக் காரணத்தை விழுங்கிவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் முன்னால் ஏற்றம் வருகிறது, பின்னால் டாக்டர் விடமாட்டார், எவ்வளவு தாங்கும், எவ்வளவு தாங்காது என்று கணக்குப் போட வேண்டியவர் நானா. அவர் கணக்குப் போட வேண்டிய முதல் எண்ணையே நான் பொய்யாகக் கொடுத்திருந்தேன்.

"நானா, ஒரு நாள்தான் இழுத்துச்சு" என்றேன். "நேத்து மாட்டுப் பொங்கல். மாடு வரல."

பின்னால் டாக்டருக்கும் கேட்டிருக்கும். அவர் என்ன சொன்னார் என்று இங்கே சொல்ல வேண்டாம், எல்லாம் நான் வாங்கிக்கொள்ள வேண்டியவைதான். நானா ஒரு பர்லாங் தூரம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே ஓட்டினார். முள் பதினைந்திலிருந்து பன்னிரண்டுக்கு இறங்கியது. அவருடைய திட்டுக்காகக் காத்திருந்த அந்த ஒரு பர்லாங்கை நான் இந்த வயதிலும் மறக்கவில்லை.

"இப்பவாச்சும் சொன்னீங்களே" என்றார் கடைசியில். "சொல்லாம இருந்தா மேட்டுல வேகமா விட்டிருப்பேன்."

ஏற்றம் தொடங்கும் இடத்தில், கடைத்தெருவைத் தாண்டி, ஒரு மரத்தடியில் காரை ஓரங்கட்டி இஞ்சினை நிறுத்திவிட்டார். டாக்டருக்கு வந்த கோபத்தை நான் எப்படிச் சொல்ல? இறங்கி நடந்தே போகிறேன் என்று கதவைத் திறந்தார். நானா போய்க் கதவருகில் நின்றுகொண்டார். குரலை உயர்த்தவில்லை.

"டாக்டர் ஐயா, இஞ்சின் போனா போவட்டும், வேற கட்டிக்கலாம். ஆனா வழியில போகக் கூடாது. வழியில போச்சுன்னா நீங்களும் இந்தத் தம்பியும் ரோட்டுல நிப்பீங்க, அந்தப் புள்ள அங்க நிக்கும்."

டாக்டர் பைக்கடிகாரத்தை வெளியே எடுத்தார். பார்க்காமலேயே திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சும்மா இருக்க முடியாமல் தகர வாளியில் கால்வாய்த் தண்ணீரை மொண்டு வந்தேன், சூட்டை இறக்கலாம் என்று. நானா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார். ஓடி வந்த குதிரைக்கு உடனே தண்ணீர் காட்ட மாட்டோம் தம்பி, என்றார். மூடியைத் திறந்து வைத்துவிட்டு இஞ்சின் மேல் உள்ளங்கையை ஓர் அங்குலம் தள்ளிப் பிடித்தபடி நின்றார். சூட்டைக் கையாலேயே கேட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. நான் கட்டின இஞ்சின் அது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைவிட அவருக்கு அதிகம் தெரியும் என்று அந்த இடத்தில் ஒப்புக்கொண்டேன். எனக்கு அதில் வெட்கம் வரவில்லை, ஒரு நிம்மதிதான் வந்தது.

ஏற்றத்தில் இன்னும் ஒருதரம் நிறுத்தினோம். ஒருவழியாக எஸ்டேட்டுக்குள் நுழைந்தபோது ரேடியேட்டரில் ஆவி பறந்தது. ஆனால் வந்து சேர்ந்துவிட்டோம்.

கொட்டகைக்குள் அந்தப் பெண் உருளை மெஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பாக்கியம் என்று பெயர். முழங்கைக்குக் கொஞ்சம் கீழே வரை கை உள்ளே இருந்தது. கூட வேலை செய்யும் பெண் ஒருத்தி, அவள் பாரத்தையெல்லாம் தன் தோளில் தாங்கியபடி, அத்தனை நேரமும் அசையாமல் நின்றிருக்கிறாள். உருளையைக் கையால் பின்பக்கமாகச் சுற்றிப் பார்க்கலாமா என்று கங்காணி கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு மேல் சட்டத்தின் போல்ட்டுகளில் வேலையை ஆரம்பித்தேன். பால் உறைய ஊற்றும் புளிப்பு மருந்து தெறித்துத் தெறித்து அவை துருவேறிப்போயிருந்தன. எப்படிக் கழற்றினேன் என்பதெல்லாம் உங்களுக்கு வேண்டாம், உங்களில் யார் வேண்டுமானாலும் கழற்றியிருப்பீர்கள். பாக்கியம் அழவில்லை. ஒரே ஒரு தடவை பேசினாள்.

"அண்ணே, உள்ள வளவி போட்டிருந்தேன். பொங்கலுக்கு வாங்குனது. ஒடைஞ்சிருக்குமா?"

ஒடைஞ்சிருக்காதும்மா என்றேன். இதுவும் பொய்தான். ஆனால் இந்தப் பொய்க்கு நான் வருத்தப்பட்டதில்லை.

மேல் உருளையைத் தூக்கிக் கையை எடுக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. டாக்டர் அங்கேயே மேஜை மேல் படுக்கவைத்து, முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினார். பிறகு என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ரத்தம் நிற்கக் கட்டு இவ்வளவு இறுக்கமாகத்தான் இருக்க வேண்டும், ஆனால் அதிக நேரம் அப்படியே விட்டால் கை செத்துவிடும் என்றார். முக்கால் மணி நேரத்துக்குள் ஆஸ்பத்திரி மேஜையில் இருந்தால் கையைக் காப்பாற்றலாம். தாண்டினால் எடுத்துவிட வேண்டியதுதான். நான் மனசுக்குள் கணக்குப் போட்டேன். வந்த மாதிரி பன்னிரண்டு மைல் வேகத்தில், வழியில் நிறுத்தி நிறுத்திப் போனால், முக்கால் மணிக்கு நாங்கள் பாதி வழியைச் சற்றுத் தாண்டியிருப்போம். நான் விழுங்கின ஒரு நாள் அந்தப் பெண்ணின் கையில் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் தலைமாட்டைத் தூக்கிக்கொண்டு கொட்டகையை விட்டு வெளியே வந்தேன்.

வெளியே ரப்பர்த் தகடு உலர்த்தும் பெரிய முற்றம். அங்கே நான் கண்ட காட்சியை எப்படிச் சொன்னால் நம்புவீர்களோ தெரியாது. நீளமான வடக்கயிறு கட்டி, முப்பது நாற்பது பேர் டாக்டரின் காரை இழுத்துக்கொண்டு முற்றத்தைச் சுற்றி வந்துகொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு எடுத்த புதுச் சட்டை, புதுச் சேலை, எல்லாம் வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தன. ஆண், பெண், கிழவர்கள், எல்லாரும் வடத்தில் இருந்தார்கள். தேர் இழுப்பது போலவே ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து இழுத்தார்கள். ஸ்டியரிங்கில் நானா உட்கார்ந்திருந்தார். பிளக்குகளைக் கழற்றிப் பக்கத்து சீட்டில் துணி விரித்து வரிசையாக வைத்திருந்தார். முதல் கியரில் கிடந்தது கார். இழுக்க இழுக்க உள்ளே இஞ்சின் மெத்தென்று சுற்றும் சத்தம் கேட்டது.

நாங்கள் கொட்டகைக்குள் போன உடனே ஆரம்பித்திருக்கிறார். சூடு ஆறும் வரை காத்திருந்து, எஸ்டேட் இஞ்சின் ரூமில் எண்ணெய் கேட்டு வாங்கி, பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றியிருக்கிறார். பிறகு தொழிலாளர்கள் குடியிருந்த லயத்துக்குப் போய், பாக்கியத்தை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், அதற்கு இந்த வண்டியை இழுக்கணும், வாங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறார். ஏன், எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லையாம். மாட்டுப் பொங்கலன்று எனக்கு மாடு இல்லை என்று கையைப் பிசைந்தேனே, மனிதர்கள் இழுக்கலாம் என்பது என் மண்டையில் உதிக்கவேயில்லை. ஆளுக்கா பஞ்சம்? கேட்கக் கூச்சப்பட்டேன், அவ்வளவுதான். கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டியிருக்கும்.

நானா என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கி வடத்தை நிறுத்தினார்.

"ஒரு நாளு ஆவாது தம்பி. ஆனா மாட்டைவிட இவங்க வேகமாத்தான் இழுத்தாங்க" என்றார். "கைப்பிடியைப் போட்டுப் பாருங்க."

பிளக்குகளைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியைப் போட்டேன். நேற்று இரண்டு ஆள் தொங்கின கைப்பிடி. ஒற்றைக் கையில் சுற்றியது. இரண்டாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. வடம் இழுத்தவர்களில் யாரோ அரோகரா என்றார்கள், நானா ஸ்டியரிங்கில் உட்கார்ந்தபடி சிரித்துவிட்டார். அன்றைக்கு அவர் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

திரும்பும்போது இறக்கம். முள் இருபத்தைந்தைத் தொட்டது, சில இடங்களில் முப்பதையும். பின்சீட்டில் பாக்கியத்தின் தலை டாக்டரின் மடியில் இருந்தது. நான் இஞ்சினையே கேட்டுக்கொண்டு வந்தேன். முனகல் இல்லை, சூட்டு வாசனை இல்லை. டாக்டர் சொன்ன நேரத்துக்கு வெகு முன்பாகவே ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். இரண்டு விரல் போயிற்று. கை பிழைத்தது.

மேஸ்திரி மலாக்காவிலிருந்து வந்ததும் நானே போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னை விரட்டவில்லை. அந்த வருஷம் முழுக்க, எந்த இஞ்சினை மாடு இழுத்தாலும் நானும் கூடவே நடக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார். நடந்தேன். பந்தயத் திடலைச் சுற்றி எத்தனை அடி என்று இன்றைக்கு எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அந்த மாடுகளுக்கும் என் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

நானா வேறு யாரிடமும் அதைச் சொல்லவில்லை. ஆனால் நான் அவர் முகத்தைப் பார்க்கக் கூசினேன். அவர் வந்தால் பின்கட்டுக்குப் போய்விடுவேன். வேறு யாராவது அவரிடம் காரை ஒப்படைக்கட்டும் என்று விட்டுவிடுவேன்.

இரண்டு வருஷம் கழித்து டாக்டர் வாங்கின இன்னொரு பழைய கார் எங்களிடம் வந்தது. அதையும் பிரித்துக் கட்டினோம். ஒப்படைக்கிற நாள் மேஸ்திரி வேண்டுமென்றே என்னை வாசலுக்கு அனுப்பினார். நானா காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நான் சீட்டைப் படித்துச் சொன்னேன், தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். பிறகு, அன்றைக்கு எப்படிக் கேட்டாரோ அதே மாதிரி, ஒரு எழுத்து கூடாமல் குறையாமல் கேட்டார்.

"தம்பி, மாடு ரெண்டு நாளும் இழுத்துச்சா?"

"ரெண்டு நாளும் இழுத்துச்சு நானா. நான் கூடவே நடந்தேன்."

அவர் இஞ்சின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. கைப்பிடியைப் போட்டுச் சுற்றிப் பார்க்கவில்லை. மேஸ்திரியிடம் போய்க் கேட்கவில்லை. என் முகத்தைக்கூட இரண்டாம் தடவை பார்க்கவில்லை. சீட்டை வாங்கி ஸ்டியரிங்கில் மாட்டிக்கொண்டு, சலாம் சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு சிராங்கூன் ரோட்டில் போய்விட்டார். நான் வாசலிலேயே நின்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.